வழி சமைத்தவர் எவர்? உல்கு கொள்பவர் எவர்?

மலேசியத் தீவக்குறையின் மேலைப்புறத்தே தெற்கு வடக்காக இரு வழிகள் கிடக்கின்றன. ஒன்று, சொகூர் நீரிணைக் கல்லணையில் எழுந்து, ஊர் ஊராகப் புகுந்து, சந்தைதோறும் நின்று, கோயில் வாயிலையும் பள்ளி வாயிலையும் தொட்டுக்கொண்டு தாய்லாந்து எல்லைவரை செல்லும் பழைய பெருவழி. அரசு அதற்கு இட்ட எண் ஒன்று. மற்றொன்று, எவ்வூருக்குள்ளும் நுழையாது, வேலிக்குள்ளேயே ஓடும் வடக்கு–தெற்கு விரைவழி. 772 கிலோமீட்டர் நீளமுள்ள அது 1994 செபுதம்பர் 8ஆம் நாள் முழுமையுற்றதாகத் திறந்துவைக்கப்பட்டது. பழையதைப் போட்டவனுக்கு நாட்கூலி கிடைத்தது. புதியதைக் கட்டிய நிறுவனத்துக்கோ, அதன்மேல் ஓடும் மகிழுந்தும் பேருந்தும் சரக்குந்தும் தரும் உல்கு கிடைத்தது. அவ்வுரிமை 2058ஆம் ஆண்டுவரை நீண்டு கிடக்கின்றது. இவ்விரு கூலிக்கும் இடையே உள்ள கணக்கைத் தமிழர் இன்றுவரை உரக்கக் கேட்டதில்லை.

கேட்க உரிமை உண்டா? உண்டு. பழைய பெருவழியின் போக்கைத் தெற்கிலிருந்து ஒருமுறை மனத்தால் நடந்து பார்ப்பார்க்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்ததென விளங்கும்.

சொகூர் பாரு, இசுக்குடாய், செனாய், கூலாய், சிம்பாங் இரெங்கம், ஆயர் ஈத்தாம், யோங் பெங் என்று அது வடமேற்கே செல்கின்றது. இதுவரை விரைவழியும் அருகிலேயே உடன்வரும். யோங் பெங்கைக் கடந்ததும் இரண்டும் முகம் பாராத பங்காளிகளாகப் பிரிகின்றன. விரைவழி மலாக்கா நோக்கிக் கடற்புறம் சாய்கின்றது. பழையதோ உள்நாட்டிற்குள் திரும்பி லாபிசு, சிகாமட், கிம்மாசு, தம்பின், இரம்பாவு வழியாகச் சிரம்பானை அடைகின்றது. அங்கிருந்து மந்தின், செமினி, காசாங், பின்னர்க் கோலாலம்பூர். வடக்கே இரவாங், செரண்டா, கெர்லிங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங், ஈப்போ. ஈப்போவிலிருந்து விரைவழி மலையேறி மெனோரா சுரங்கத்துள் புகுந்து மறுபுறம் இறங்க, பழைய வழி செம்மோரையும் சுங்கை சிப்புட்டையும் விடாது தொட்டுக் கோலகங்சாருக்கு வருகின்றது. அதன்பின் தைப்பிங்கின் அருகாகப் பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால், புக்கிட் மெர்தாசம், சுங்கைப்பட்டாணி, குரூண், அலோர் சிதார், சித்ரா, எல்லை.

இப்பெயர்களுள் எதைச் சொன்னாலும் தமிழகத்தின் கீழைக் கடற்கரை மாவட்டங்களில் ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு கிழவி தலைநிமிர்ந்த காலம் ஒன்று இருந்தது. அண்ணன் போன ஊர் அது. அத்தை இறந்த ஊர் அது. ஒரு மடல் வந்து, பின்னர் மடலே வாராது போன ஊர் அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கில் இறங்கி, நோய்த்தடைத் தீவில் நாள் கழித்து, கங்காணியின் பின்னே வரிசையாக நடந்து சென்றது இவ்வழியின் ஓரங்களுக்கே. ஆளுக்கு இவ்வளவென்று கங்காணிக்குத் தலைக்காசு. 'கூலி' என்பது உழைப்புக்குப் பெறும் பொருளின் பெயர். அப்பெயரை உழைப்பவனுக்கே சூட்டி, உலகமெல்லாம் அவனை அப்பெயரால் அழைக்கச் செய்தவன் வெள்ளையன். முறியெழுதி ஆளை அடிமைபோற் பிணிக்கும் முறை 1910இல் நீக்கப்பட்டது. கங்காணி முறையோ 1938இல் இந்திய அரசு கூலி ஏற்றுமதியைத் தடுக்கும்வரை நின்றது.

காடு அழித்தவன் அவன். பால்மரம் நட்டவன் அவன். இரண்டையும் பலர் எழுதியுள்ளனர். கதையாகவும் பாட்டாகவும் அவை வந்துள்ளன. வழி போட்டவனும் அவனே என்பதை மட்டும் ஏனோ எவரும் அழுத்திச் சொல்வதில்லை. தொடர்வண்டித் தடத்திலும் பொதுப்பணித் துறையிலும் உடலுழைப்பாளருள் பெரும்பகுதியினர் தமிழராகவே இருந்தனர். மலை வெட்டி, கல்லுடைத்து, சல்லி பரப்பி, தார் ஊற்றி, மழைக்காலத்தில் சரிந்த மண்ணை மீண்டும் வாரி, ஓரப்புல்லைச் செதுக்கி, வாய்க்காலைத் தூர்வாரி அவ்வழியை வழியாக வைத்திருந்த கைகள் அவருடையவை. தோட்டத்து லயம்போலவே பொதுப்பணித் துறைக்கும் லயம் இருந்தது. தகப்பன் உடைத்த கல்லின்மேல் மகன் தார் ஊற்றினான். மகன் ஊற்றிய தாரின்மேல் பேரன் சரக்குந்து ஓட்டினான். ஒரே வழியில் மூன்று தலைமுறையின் வியர்வை.

அதற்குச் சான்று வேண்டுவோர் மலேசியத் தமிழரின் வாய்ச்சொல்லைக் கேட்கட்டும். வெள்ளையன் 'மைல்' என்றான். மலாய்க்காரர் வழியோரத்துக் கல்லைப் பார்த்துப் 'பத்து' என்றனர். கல் என்பதே அச்சொல்லின் பொருள். தமிழ்த் தொழிலாளி வழியோரத்தில் நட்ட அடையாளத்தைப் பார்த்துக் 'கட்டை' என்றான். நாலாங்கட்டை, ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்று ஊர்களுக்கும் வளைவுகளுக்கும் பெயர் பிறந்தது. கட்டையை நட்டவனுக்குத்தான் அது கட்டையாகத் தெரியும். ஊர்தியில் உட்கார்ந்து போனவனுக்கு அது வெறும் எண். எந்தப் புலவரும் ஆக்கித் தராத சொல் அது. எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆக்கிய தூய தமிழ்ச்சொல். தகடூர்ப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், எழுத்தறியாதாரும் தொலைவை அறியுமாறு எண்ணுக்குக் குழிகள் தோண்டி வைத்தனர் பண்டைத் தமிழர். அம்மரபின் எச்சம் கடல்தாண்டி இக்கட்டையில் நின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

போர்க்காலச் செய்தியைச் சுருங்கச் சொல்லலாம். 1941 திசம்பரில் வடக்கே இறங்கிய சப்பானியப் படை, சித்ரா, கம்பார், சிலிம் ரீவர் என இப்பெருவழியையே பிடித்துக்கொண்டு, பாதிப் படை மிதிவண்டியிலேயே வந்து, ஐம்பத்தைந்து நாளில் சொகூர் நீரிணையை எட்டியது. வழி நன்றாகப் போடப்பட்டிருந்ததால் பகைவனுக்கும் நன்றாகப் பயன்பட்டது. வெள்ளையன் 1942 சனவரி 31ஆம் நாள் கல்லணையை உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒடுங்கினான். போட்டவனை ஓரத்திலேயே விட்டுப் போனான். அவ்வோரத் தோட்டங்களிலிருந்துதான் சயாம்–பர்மா தொடர்வண்டித் தடத்துக்குத் தமிழர் ஏற்றிச் செல்லப்பட்டனர். அங்கு மடிந்த வெள்ளைப் படைவீரர்க்கு ஆள்வாரியாகப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அவ்வாறு ஆள்வாரியான கல் கிடையாது.

இனி விரைவழிக்கு வருவோர், அது எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1980இல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அமைக்கப்பட்டு, அரசின் பொருளால் வேலை தொடங்கிற்று. சில பகுதிகள் கட்டியும் முடிந்தன. பின்னர் 'அரசு எதையும் நடத்தக்கூடாது, தனியாரே நடத்த வேண்டும்' என்னும் காய்ச்சல் அந்நாட்டையும் பிடித்தது. யுனைடெட் எஞ்சினியர்சு மலேசியா என்னும் நிறுவனத்துக்கு வேலை முழுவதும் கொடுப்பதென முடிவாயிற்று. அந்நிறுவனம் ஆளுங்கட்சியின் பொருட்பிடியில் இருந்தது என்பது அன்றே ஊரறிந்த செய்தி. எதிர்க்கட்சித் தலைவர் இலிம் கிட் சியாங் 1987இல் வழக்குத் தொடுத்தார். உடன்படிக்கையில் கைச்சாத்திடக் கூடாதென இடைக்காலத் தடையும் பெற்றார். அவ்வாண்டு அக்தோபரில் அவரையே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறையிலிட்டனர். 1988 மார்ச்சில் நாட்டின் உச்ச முறைமன்றம், ஐவருள் மூவர் கருத்தால், அவ்வழக்கைத் தொடுக்க அவருக்குத் தகுதியே இல்லையெனத் தீர்த்தது. அதே திங்களில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

தகுதி இல்லையாம்! நாட்டு மன்றத்து உறுப்பினர், வரி கொடுப்பவர், வழியிற் செல்பவர் என்னும் மூன்று நிலையிலும் அவர் வழக்காடினார். வரி கொடுப்பவனுக்கும் வழியிற் செல்பவனுக்கும் அவ்வழியின் விலையைக் கேட்கத் தகுதியில்லையென்றால் வேறு எவனுக்குத் தகுதி? ஐவருள் இருவர் மாறுபட்டு எழுதினர் என்பது அம்மன்றத்துக்குச் சற்றே மதிப்பைக் காத்தது.

உடன்படிக்கையின் உள்ளீட்டைக் காண்க. அரசு தன் பொருளால் முன்பே கட்டி முடித்திருந்த பகுதிகளும் அந்நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டன. அரசே கடனும் கொடுத்தது. எதிர்பார்த்த அளவு ஊர்திகள் ஓடாவிட்டால் தாங்குவதற்கும் அரசு பொறுப்பேற்றது. இழப்பு வந்தால் பொதுமக்களுடையது, ஊதியம் வந்தால் நிறுவனத்துடையது என்னும் இவ்வரிய வணிகத்துக்குத் 'தனியார் துணிவு' என்று பெயர் வைத்தனர். உல்கு கொள்ளும் காலம் முதலில் முப்பது ஆண்டு. 2018இல் முடிந்திருக்க வேண்டிய அது 2038க்கு நீண்டது. 2020 பிப்பிரவரியில் உல்கு பதினெட்டு விழுக்காடு குறைக்கப்பட்டது. குறைத்ததற்கு ஈடாகக் காலம் 2058க்கு நீட்டப்பட்டது. 1988இல் பிறந்த பிள்ளை எழுபது அகவைக் கிழவனாகும்வரை அவ்வழிக்குக் கொடுத்து முடியாது.

இங்கு ஒரு செய்தியை மறைக்காது சொல்வதே நேர்மை. 2011இல் அந்நிறுவனம் முழுவதும் அரசின் முதலீட்டுக் கழகத்தின் கைக்கும் தொழிலாளர் சேமநிதியின் கைக்கும் வந்தது. சேமநிதியின் பங்கு நூற்றுக்கு நாற்பத்தொன்பது. ஆகவே இன்று உல்கில் ஒரு பகுதி தொழிலாளியின் முதுமைக்கால நிதிக்கே திரும்புகின்றது என்பர். மெய்தான். ஆயினும் எவ்வளவு வேடிக்கை பாருங்கள்: தன் சேமிப்பு பெருக வேண்டுமென்றால் தானே போகும் வழிக்குத் தானே உல்கு கட்ட வேண்டும்! வலக்கைக்கு உணவு இடக்கையின் தசை. அதுவும், திங்கள்தோறும் சேமநிதிக்குக் கட்டும் அளவிற்கு நிலையான வேலை உடையவனுக்கே. தோட்டம் விற்கப்பட்டு, அன்றாடக் கூலிக்கு அலைபவனுக்கு அப்பங்கும் இல்லை.

'உல்கு கட்ட மனமில்லாதவர் பழைய வழியிற் போகலாமே' என்பது பொறுப்பிலிருந்தோர் எப்பொழுதும் சொல்லிவந்த விடை. இவ்விடையைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். பழைய வழியை எவன் போட்டான், அதை எவன் வைத்துக் காத்தான் என்ற நினைவே இல்லாதவன் சொல்லும் விடை அது. பழைய வழி இன்றும் பொதுப் பொருளால் காக்கப்படுகின்றது. அஃது இருப்பதால்தான் விரைவழிக்கு உல்கு கேட்பது முறையெனத் தோன்றுகின்றது. அஃதாவது, கூலிக்காரன் போட்ட வழியே நிறுவனத்தின் உல்குக்கு அறச்சான்றாக நிறுத்தப்படுகின்றது! 1996 சனவரியில் கோப்பேங்கின் அருகே தெம்புரோங் குகைப் பக்கத்தில் மலைச்சரிவு ஏற்பட்டு விரைவழி அடைபட்டது. ஓர் உயிரும் போயிற்று. அன்று அத்தனை ஊர்திகளும் எங்கே திரும்பின? கம்பாரும் கோப்பேங்கும் கோத்து நிற்கும் பழைய பெருவழிக்கே. அது எவரிடமும் உல்கு கேட்கவில்லை.

விரைவழி தீதென்பது கருத்தன்று. மரக்கட்டை ஏற்றிய சரக்குந்தின் பின்னே ஊர்ந்து, வளைவில் முந்தப்போய், எதிரே வந்த பேருந்தின்மேல் மோதி மாண்டவர் கணக்கு பழைய வழியில் பெரிது. கோலாலம்பூரிலிருந்து சொகூருக்கு ஒரு பகல் முழுதும் சென்ற இடத்தில் இன்று சில மணி நேரம் போதும். நோயாளியை விரைந்து கொண்டுசெல்ல முடிகின்றது. விளைபொருள் கெடாது சந்தைக்குப் போகின்றது. நல்ல வழி வேண்டாமென எந்த அறிவுள்ளவனும் சொல்லான். வழி எவருக்குரியது என்பதே வழக்கு.

ஊர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். பேருந்து நிற்கும் ஊரில் கடை பிழைக்கும். தஞ்சோங் மாலிமில் ஆவியிலவித்த பாவு வாங்க வண்டிகள் நிற்கும். ஆயர் ஈத்தாமில் மட்கலம் வாங்க நிற்கும். பீடோரில் கொய்யா வாங்க நிற்கும். தமிழர் சாப்பாட்டுக் கடை, தமிழ் முசுலிம் தேநீர்க் கடை, மாலை தொடுப்பவர், தையற்காரர், முடிதிருத்துபவர் யாவரும் அந்நிறுத்தத்தை நம்பி வாழ்ந்தவர். விரைவழி வந்ததும் அவ்வண்டிகளுட் பெரும்பகுதி வேலிக்கு அப்பாற் போயின. அங்கே ஓய்விடம் என்று ஒன்று கட்டி, அதனுள்ளே குத்தகைக்குக் கடை வைத்தனர். முன்பு வழியோரத்தில் எவனும் பலகை போட்டு வடை சுட்டு விற்கலாம். இன்று வழியோரமும் குத்தகை. ஈருருளிக்கு உல்கில்லை என்று விட்டுவைத்தது நன்று; மிதிவண்டிக்காரனுக்கும் நடப்பவனுக்கும் அங்கு நுழையவே இயலாது. பால்மரக் காட்டுக்கு மிதிவண்டி மிதித்துப் போனவனின் வழி பழைய வழியாகவே நின்றுவிட்டது.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை வெள்ளையனையும் மலாய் ஆளுங்கட்சியையும் மட்டும் குறைகூறிய பொய்க்கட்டுரை ஆகும். சுங்கை சிப்புட் பழைய பெருவழியின்மேல் உள்ள ஊர். அவ்வூர் மக்கள் தேர்ந்தனுப்பிய தமிழர் இருவர், ஒருவர் பின் ஒருவராக, அந்நாட்டின் பொதுப்பணி அமைச்சராக இருந்தனர். முன்னவர் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றபொழுது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அவர்தம் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்க வழிகாட்டினார். குறைகள் பல சொல்லலாம். ஆயினும் உழைத்தவனே உடையவன் ஆகவேண்டும் என்னும் எண்ணம் அச்செயலில் இருந்தது. பின்னவர் சாமிவேலு. 1988இல் விரைவழி உடன்படிக்கை எழுதப்பட்டபொழுது பொதுப்பணி அமைச்சர் அவரே. வழியின் தலைவிதி ஒரு தமிழன் மேசைமீது கிடந்த காலம் அது!

என்ன கேட்டிருக்கலாம்? வழி போட்டவர் வழிமரபினர்க்கு அவ்வழிப் பணியில் ஒரு பங்கு. விரைவழி கிழித்துச் செல்லும் தோட்டங்களில் வாழ்ந்தவர்க்குத் தலைக்கு ஒரு மனையும் வீடும். வழியால் விலையேறிய நிலத்தை விற்கும் முதலாளியிடமிருந்து அங்கு மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு ஓர் ஈடு. இவற்றுள் எதுவும் உடன்படிக்கையிற் பொறிக்கப்படவில்லை. பாலங்கள் திறக்கப்பட்டன, மாலைகள் விழுந்தன, 'நம்மவர் அமைச்சர்' என்று தமிழர் கைதட்டினர். கைதட்டிய கை வெறுங்கையாகவே திரும்பிற்று. 2008இல் சுங்கை சிப்புட் மக்கள் முப்பத்துநான்கு ஆண்டு உறுப்பினராக இருந்தவரைத் தோற்கடித்தது இவ்வெறுங்கையை உணர்ந்தபின்னரே. உணர முப்பத்துநான்கு ஆண்டு ஆயிற்று என்பதுதான் வெட்கம்.

வழி வந்தால் நிலம் விலையேறும். நிலம் விலையேறினால் பால்மரம் வெட்டப்படும். பால்மரம் வெட்டப்பட்டால் லயம் இடிக்கப்படும். இவ்வொழுங்கு எங்கும் மாறவில்லை. காசாங்குக்கும் நீலாய்க்கும் மேற்கே விரிந்த நிலத்தில் 1990களில் நாட்டின் புதிய ஆட்சித் தலைநகராகப் புத்ராசாயா எழுந்தது. அங்கே அதற்குமுன் இருந்தவை பால்மரத் தோட்டங்கள்: பிராங் பெசார், செட்சிலி, மேடிங்கிலி, கேலோவே. அவற்றின் தமிழ்க் குடும்பங்கள் தெங்கிலில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. கோயிலும் பந்துத்திடலும் கொல்லையும் ஆட்டுப்பட்டியும் உடையவன் மாடியில் ஏறி உட்கார்ந்தான். அம்மாடியின் சுவர்களும் வெடித்தன. தரைவீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். ஆட்சித் தலைநகரையே கட்ட நிலம் இருந்த இடத்தில், அந்நிலத்தைப் பண்படுத்தியவனுக்கு நானூறு மனை இல்லையா என்று கேட்டவர் சிலரே.

தோட்டம் போனால் பள்ளியும் போகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி அகவைப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்றது. மாட்டுக்கொட்டில் போன்ற கூரைக்கீழ் எழுத்து ஓடியதால்தான் அந்நாட்டில் தமிழ் நின்றது. விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவிலேயே உள்ளன. மூடப்பட்டவை யாவும் விரைவழியால் மூடப்பட்டவை என்று சொல்வது மிகை. தோட்டங்களைத் துண்டாடியதும், சிறு பள்ளிகளை ஒன்றாக்கியதும், ஊர் பெயர்ந்ததும் சேர்ந்து செய்தன. ஆயினும் நிலவிலையைத் துரத்தி ஏற்றிய விசைகளுள் அவ்வழியும் ஒன்று என்பதை மறுப்பார் இலர்.

இனி, சொல்லைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். மலாய்க்காரர் இவ்வழிக்கு 'லெபுராயா' என்று தம் மொழியிலேயே பெயரிட்டனர்; வாரியத்தின் பெயரிலும் அதையே பொறித்தனர். அது போற்றத்தக்கது. மலேசியத் தமிழ் நாளிதழ்களும் நெடுஞ்சாலை என்றே எழுதுகின்றன. பேசும் வாய் மட்டும் 'ஐவே' என்கின்றது. உல்கை 'டோல்' என்கின்றது. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலாகாது. தமிழெழுத்து மரபுப்படி எழுதினால் அது 'தோல்' ஆகும். அங்கு உரிக்கப்படுவது எதுவென அறிந்தே மரபு அவ்வாறு அமைந்ததோ என்னவோ!

உல்கு என்பது பழந்தமிழ்ச் சொல். வேந்தனுக்குரிய பொருள் மூன்றனுள் ஒன்றாக வள்ளுவர் அதை எண்ணுகின்றார். வேந்தனுக்குரியது என்றதைக் கவனிக்க வேண்டும். வேந்தன் குத்தகைக்கு விட்ட வணிகனுக்குரியது என்று அவர் சொல்லவில்லை. பின்னாளிற் சுங்கம் என்னும் சொல் பரவிற்று. அச்சுங்கத்தையே நீக்கியதனால் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர்பெற்றவன் முதற் குலோத்துங்கன். அவனுக்கும் இப்பெருவழிக்கும் என்ன தொடர்பு? பெருவழியின் வடகோடியில் சுங்கைப்பட்டாணிக்கு மேற்கே, பூசாங் பள்ளத்தாக்கில், பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடக்கின்றன. தமிழ்நூல்களும் கல்வெட்டுகளும் கடாரம் என்று சொல்லும் நாடு அது. 1025இல் இராசேந்திரன் படை அங்குச் சென்றது. 1090இல் அக்கடாரத்து அரசன் விடுத்த தூதுவர் வேண்ட, நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரி நீக்கிச் செப்பேடு தந்தவன் அக்குலோத்துங்கனே. கடாரத்திலிருந்து நாகைக்குத் தூதர் வந்த கடல்வழியாகத்தான், எண்ணூறு ஆண்டு கழித்து நாகையிலிருந்து கடாரத்துக்குக் கூலிகள் ஏற்றப்பட்டனர். படையெடுத்துப் போன பெருமையைப் பேசும் தமிழ் மேடைகள் பல. கப்பலின் அடித்தட்டிற் கிடந்து போனவனைப் பேசும் மேடை எத்தனை? கடாரங் கொண்டான் என்று மகனுக்குப் பெயர் வைப்பவர், அக்கடாரத்தில் 2013இல் அப்பழங் கோயில் அடித்தளங்களுள் ஒன்று மனைநிலத்துக்காக இடித்துத் தள்ளப்பட்டபொழுது எங்கிருந்தனர்?

கோலகங்சாரில் ஒரு மரம் நிற்கின்றது. 1877இல் அங்கு நடப்பட்ட பால்மரக் கன்றுகள் ஒன்பதனுள் எஞ்சியது அது. அதைச் சுற்றி வேலியிட்டுள்ளனர், பலகையும் வைத்துள்ளனர். பழைய பெருவழியிற் செல்வோர் இறங்கிப் பார்க்கின்றனர். மரத்துக்குப் பலகை வைத்தது தவறன்று. அம்மரத்தின் வழித்தோன்றல்களைக் கோடி கோடியாக நட்டு, அவற்றின் பாலை ஏற்றிச் செல்ல வழியும் போட்டவனுக்கு, சொகூர் பாருவிலிருந்து சித்ராவரை ஒரு கல் நட இடமில்லையா?

இடம் உண்டு, நடுவார் வேண்டும். அரசைக் கேட்டுக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பழைய வழியோரத்தில் இன்றும் நிற்கும் மாரியம்மன் கோயில்களின் நிலம் தமிழருடையது. தமிழ்ப்பள்ளிகளின் மதில் தமிழரின் பார்வையில் உள்ளது. பொதுப்பணித் துறை லயங்களில் பிறந்து, எழுபது எண்பது அகவையில் இன்னும் உயிரோடிருப்பவர் கெர்லிங்கிலும் தாப்பாவிலும் சிகாமட்டிலும் உள்ளனர். எந்த வளைவை எவர் வெட்டினர், எந்தப் பாலத்தடியில் எவர் மாண்டனர், எந்தக் கட்டைக்கு என்ன பெயர் என்பதை அவர்கள் அறிவர். வெள்ளையன் ஏட்டில் தோட்டத்துக்கு ஒரு பெயர், தமிழன் வாயில் வேறு பெயர்; அவ்வேறு பெயர்களும் அவர்கள் வாயில்தான் உள்ளன. மலேசியத் தமிழ்க் கழகங்களும் தமிழகத்தில் அவரோடு உறவுடைய குடும்பங்களும் அவற்றை ஊர்வாரியாக எழுதி வாங்கட்டும். கல்லில் முதலில் கட்டை எண்ணையும், அடுத்து அங்கு உழைத்தவர் பெயர்களையும், அவர்கள் கப்பலேறிய ஊர்களையும் தமிழில் வெட்டட்டும். கல்லுடைத்தவன் பேரனுக்குக் கல் வெட்டுவது பெரிய வேலையன்று. சிரம்பானுக்கும் யோங் பெங்குக்கும் இடையே விரைவழி எட்டாத ஊர்களிலிருந்து தொடங்குவது எளிது. அங்குக் கட்டைப் பெயர்கள் இன்னும் வழக்கில் உள்ளன.